வீட்டுக்குள் ஓர் ஈயப் பட்டறை

1776 ஜூலை 9-ம் தேதி நியூயார்க்கில் ஒரு கூட்டம், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளியது. தங்க முலாம் பூசிய ஈயச் சிலை. உடைந்த துண்டுகளில் பெரும்பகுதி கனெக்டிகட்டில் உள்ள லிட்ச்ஃபீல்ட் என்ற ஊருக்கு, ஆலிவர் வோல்காட் என்பவரின் வீட்டுக்குப் போனது. அங்கே பெண்களும் பிள்ளைகளும் அதை உருக்கி 42,088 குண்டுகள் வார்த்தார்கள். யார் எத்தனை வார்த்தார்கள் என்று கணக்குகூட இருக்கிறது! மன்னரை உருக்கி மன்னரின் படையையே சுட்டோம் என்று அமெரிக்கர்கள் பெருமையாகச் சொல்லும் கதை இது. அந்தப் பிள்ளைகளின் கையில் ஒட்டிய ஈயம் எங்கே போனது என்பது கதையில் வராது.

அந்த வழக்கம் அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. சொந்த உபயோகத்துக்குத் தோட்டா செய்துகொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, செய்து விற்பதற்குத்தான் வேண்டும். அதனால் கார் கராஜில் ஒரு சின்ன மின்சார உலை, கார் சக்கரங்களில் மாட்டும் பழைய எடைத் துண்டுகள், சுடும் மைதானத்து மண்மேட்டிலிருந்து பொறுக்கிய குண்டுகள், ஓர் அச்சு... தொழிற்சாலை தயார். ஈயம் அச்சில் நன்றாக ஓடிப் பரவக் கொஞ்சம் வெள்ளீயமும் சேர்ப்பார்கள். (தமிழில் "ஈயம்" என்றாலே குழப்பம்தான். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. இங்கே பேச்சு காரீயத்தைப் பற்றி. இரண்டும் வேறு வேறு உலோகங்கள், இரண்டாவது நஞ்சு.)

இதில் கைதேர்ந்தவர்கள் ஆசைப்படுவது முனையில் குழி உள்ள தோட்டாவுக்கு. ஹாலோ பாயிண்ட் என்பார்கள். உடலில் பட்டதும் காளான் போல விரியும். போரில் இப்படி விரியும் தோட்டா கூடாது என்று 1899-லேயே ஹேக் மாநாட்டில் தீர்மானம் வந்துவிட்டது. கல்கத்தா பக்கத்து டம் டம் ஆயுதசாலையில் பிரிட்டிஷார் செய்த தோட்டாக்கள்தான் அந்தச் சண்டைக்குக் காரணம். வேட்டைக்கு அந்தத் தடை பொருந்தாது.

முன்பெல்லாம் இதை வார்ப்பது பொறுமையைச் சோதிக்கிற வேலை. ஒரே ஒரு குழி உள்ள அச்சு. ஒவ்வொரு முறையும் ஓர் ஊசியை உள்ளே செருகி, ஈயம் ஊற்றி, ஆறியதும் ஊசியை உருவி, பிறகு அச்சைத் திறக்க வேண்டும். நூறு தோட்டாவுக்குள் கை கடுத்துவிடும். இப்போது ஊசிகள் அச்சோடு சேர்ந்தே இருக்கின்றன. நான்கு குழி, ஆறு குழி என்று ஒரே ஊற்றில் ஆறு தோட்டா விழுகிறது. ஒன்று 13 கிராம் என்று வைத்தால் ஆயிரம் தோட்டாவுக்கு 13 கிலோ ஈயம். ஒரு விடுமுறை நாளில் முடிந்துவிடுகிற காரியம். பொழுதுபோக்கு என்ற பெயர் மட்டும் மாறவில்லை, அளவு பட்டறை அளவுக்கு வந்துவிட்டது. சிக்கல் இங்கேதான்.

"ஈயப் புகை ஆபத்து" என்று யாராவது சொன்னால் இவர்கள் சிரிப்பார்கள். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகுகிறது, கொதிப்பதோ 1,749 டிகிரியில். உலையில் இருப்பது 400-ஐ ஒட்டிய சூடு. அதில் எழும் ஈய ஆவி மிகமிகக் குறைவு. கண்ணுக்குத் தெரியும் புகை, அழுக்கு நீக்கப் போடும் மெழுகின் புகை. எல்லாம் உண்மை. ஆனால் இந்த உண்மையே அவர்களை ஏமாற்றுகிறது. ஆபத்து இருக்கும் இடம் வேறு. உருகிய ஈயத்தின் மேல் மிதக்கும் சாம்பல் நிறக் கசடை வழித்து எடுக்கிறார்களே, அது தூளாகும் ஈய ஆக்சைடு. கையில், சட்டையில், செருப்பில், பழைய எடைத் துண்டுகளைக் கொட்டிய வாளியில் எல்லாம் அது இருக்கிறது. அங்கிருந்து காரின் இருக்கைக்கு, சோபாவுக்கு, தவழும் குழந்தையின் விரலுக்கு, வாய்க்கு.

குழந்தைக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று கண்டுபிடிக்கப்படவே இல்லை. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் கவனிக்க வேண்டிய அளவு என்று 1991-ல் வைத்தது ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 10 மைக்ரோகிராம். 2012-ல் அது 5 ஆனது, 2021-ல் 3.5. ஒரு சிட்டிகையை லட்சம் பங்கு போட வேண்டிய கணக்கு இது. பக்கத்தில் கராஜில் 13 கிலோ!

ஈயம் உருக்கும் தொழிற்சாலைக்கு அமெரிக்காவில் 1978-லிருந்து விதி இருக்கிறது. காற்றில் ஈயம் அளவு மீறினால் தனி உடை, குளியல், தனிச் சாப்பாட்டு அறை எல்லாம் முதலாளி தர வேண்டும். ரத்தப் பரிசோதனையும் உண்டு. வீட்டுக்காரருக்கு அவரே முதலாளி, அவரே தொழிலாளி. கேட்க ஆள் இல்லை.

அரசு தடை போட்டால் தீருமா? கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத் தோட்டாவையே தடுத்துவிட்டது. சுடப்பட்ட விலங்கின் மிச்சத்தைத் தின்று காண்டர் கழுகுகள் ஈய நஞ்சால் செத்ததுதான் காரணம். 1982-ல் 22 பறவைகளே மிஞ்சியிருந்த இனம் அது. சரியான சட்டம்தான். ஆனால் மாற்றாக வரும் செம்பை 1,085 டிகிரியில் கராஜில் உருக்க முடியாது என்ற இவர்களின் புலம்பலிலும் நியாயம் உண்டு. காகிதப் பலகையைச் சுடுகிறவர் எப்படியும் வார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

வார்க்கட்டும். வீட்டை விட்டுத் தள்ளி ஒரு கொட்டகையில். அந்தச் சட்டையும் செருப்பும் அங்கேயே கிடக்கட்டும். கசடு மூடி போட்ட டப்பாவுக்குள் போகட்டும், தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை வீட்டில் எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை. அச்சின் சூட்டை அளக்கத் தெர்மாமீட்டர் வாங்குகிறவர்களுக்கு இது பெரிய செலவில்லை. பிள்ளைகளின் சைக்கிள் நிற்கும் கராஜ் மட்டும் இந்த வேலைக்கான இடம் இல்லை.