வுப்பர்டால் மடல்: ஒல்லாந்துக்குப் போன வான்



புதிதாக வந்து குடியேறிய குடும்பங்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒல்லாந்து பக்கத்திலைதானே இருக்கு. காலமை வெளிக்கிட்டுப் பின்னேரம் வந்தால் ஆருக்குத் தெரியப்போகுது?" என்பதே அது. இதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் எங்களுக்கு அந்தப் பதிலைச் சொல்லித் தந்தது 1999ஆம் ஆண்டு நாங்கள் போன ஒரு பயணம். ஆகவே இம்முறை அந்தக் கதையையே எழுதுகிறோம்.

அந்த ஆண்டு உலகக் கிண்ணக் கிரிக்கெற் இங்கிலாந்தில் நடந்தது. ஆனால் சில ஆட்டங்களை ஸ்கொட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆகிய இடங்களுக்கும், ஒரேயொரு ஆட்டத்தை ஒல்லாந்துக்கும் பகிர்ந்து கொடுத்திருந்தார்கள். மே 26, புதன்கிழமை, தென்னாபிரிக்காவும் கென்யாவும் ஆம்ஸ்டர்டாமுக்கு அருகில் உள்ள அம்ஸ்டல்வேனில் மோதுவதாக அறிவித்தார்கள். இன்றுவரை ஐரோப்பியப் பெருநிலத்தில் நடந்த 50 ஓவர் உலகக் கிண்ண ஆட்டம் அது ஒன்றுதான். எங்கள் வுப்பர்டாலில் இருந்து ஏறத்தாழ 230 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் நடக்கும் பெரிய மச்சுக்கு மதில் ஏறிப் போனவர்கள், உலகக் கிண்ணம் இரண்டரை மணித்தியால ஓட்டத்தில் வந்து நிற்கும்போது சும்மா இருப்பார்களா?

ஊத்ரெக்ற் நகரில் இருந்த நண்பர் ஆறு ரிக்கற் எடுத்து வைத்தார். இங்கே ஒரு வான் வாடகைக்கு எடுத்தோம். பண்டத்தரிப்பு அண்ணை தொழிற்சாலையில் லீவு போட்டார். மாஸ்ரர் தனது றெஸ்ரோரண்ட் முதலாளியிடம் கெஞ்சி ஒருநாள் எடுத்தார். ஊரில் கணிதம் படிப்பித்தவர், இங்கே கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். வான் ஓட்டுவதும் அவர்தான். எங்களோடு இன்னும் மூன்று பேர். ஆறாவது ரிக்கற் தம்பிக்கு.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவனுக்கு 22 வயது. ஞாயிறுகளில் நாங்கள் பூங்காவில் விளையாடும் கிரிக்கெற்றில் பந்தைத் தொலைப்பது அவன் வேலை. இடதுகைக்காரன். அந்த உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவின் லான்ஸ் குளூஸ்னர் கடைசி ஓவர்களில் வந்து அடித்த அடிகளைப் பார்த்ததில் இருந்து, அவனைப் போலவே மட்டையை உயரத் தூக்கிக்கொண்டு நிற்பான். எங்கள் ஆறு பேரிலும் இந்த ஆட்டத்தை உண்மையாகப் பார்க்க வேண்டியவன் யார் என்று கேட்டால், ஒருவரும் யோசிக்காமல் அவனைத்தான் காட்டியிருப்போம்.

அன்று காலை ஆறு மணிக்கு எல்பர்பெல்டில் கூடினோம். ஏப்ரல் 12ஆம் திகதி தொங்குரயில் வுப்பர் ஆற்றுக்குள் விழுந்து 5 பேர் இறந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. ரயில் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. தலைக்கு மேல் சத்தமில்லாத அந்தத் தண்டவாளத்தின் கீழ் தம்பி புதிய வெள்ளைத் தொப்பியோடு எங்களுக்கு முன்னரே வந்து நின்றான். மாட்டிறைச்சி றோல்ஸ், கட்லற், இரண்டு பிளாஸ்க் தேத்தண்ணி, எல்லாம் ஏற்றியாயிற்று. மாஸ்ரர் வானை எடுக்கவில்லை.

"தம்பி, உன்ரை பேப்பரை ஒருக்கால் காட்டு."

எங்கள் ஐந்து பேரிடமும் அகதிகளுக்கான நீலநிறப் பயணப் புத்தகம் இருந்தது. தம்பியின் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, அவனிடம் டுல்டுங் மட்டுமே இருந்தது. மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வரிவரியாக வாசித்தார். ஓரிடத்தில் விரலை வைத்து, டொச்சில் இருந்ததைத் தமிழில் சொன்னார்: "நாட்டை விட்டு வெளிக்கிட்டால் இது செல்லாது எண்டு போட்டிருக்கு."

"ஷெங்கன் வந்து நாலு வரியமாச்சு மாஸ்ரர். போடரிலை ஆர் மறிக்கிறான்? ஒரு நாள், ஒரு பகல்," என்றார் அண்ணை.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். நாங்களும் அண்ணையின் பக்கம்தான் நின்றோம். அந்தப் பிள்ளையின் தொப்பியைப் பார்த்துவிட்டு வேறு எப்படிப் பேசுவது?

மாஸ்ரர் சத்தம் போடவில்லை. "மறிக்காட்டில் ஒரு மச். மறிச்சால் அவன்ரை ஆறு வரியம். நாங்கள் அஞ்சு பேரும் இரவைக்கு வீட்டை வந்திடுவம். இவன் எங்கை வாறது? அதை ஆராவது சொல்லுங்கோ, நான் வானை எடுக்கிறன்."

ஒருவரும் சொல்லவில்லை. தம்பியே பையை எடுத்துக்கொண்டு இறங்கினான். "நீங்கள் போட்டு வாங்கோ. நேரம் போகுது. குளூஸ்னர் அடிச்சால் வந்து சொல்லுங்கோ," என்றான். ஆறாவது ரிக்கற் அண்ணையின் சட்டைப் பையிலேயே இருந்தது.

ஏ46இல் ஏறி, ஏ3இல் திரும்பி, ஓபர்ஹவுசன் தாண்டும் வரை வானுக்குள் பேச்சில்லை. எல்ரன் எல்லையில் ஒரு குஞ்சும் இல்லை. நீலப் பலகையில் "நெடர்லாண்ட்" என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். "பாத்தியளே, ஒருத்தரும் இல்லை!" என்றார் அண்ணை. மாஸ்ரர் பதில் பேசாமல் ஓட்டினார். எங்களுக்கோ, கொண்டு வந்திருக்கலாமே என்று மனம் அடித்துக்கொண்டது.

மைதானம் ஒரு காட்டுக்குள் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் காடு என்று பெயர். அது தானாக வளர்ந்த காடல்ல. 1930களில் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக நகரசபை மண்வெட்டியும் கையுமாக ஆட்களை இறக்கி, மரம் நட்டு உண்டாக்கியது. அந்த மரங்களின் நடுவே பச்சைப் புல்லும், வெள்ளைக் கோடும், பந்து மட்டையில் படும் அந்தச் சத்தமும்... பத்துப் பன்னிரண்டு வருடங்களின் பின் அதைக் கேட்டபோது மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கென்யா முதலில் ஆடியது. 1996 உலகக் கிண்ணத்தில் மேற்கிந்தியத் தீவுகளையே பூனாவில் கவிழ்த்த அணி. தலைவர் ஆசிப் கரீம். ரவீந்து ஷா போன்ற, இந்திய வழிவந்த கென்யர்களும் அந்த அணியில் இருந்தார்கள். அவர்களுடைய முன்னோரும் கடல் கடந்து போய்க் குடியேறியவர்கள்தானே என்று எங்களுக்குள் ஒரு ஒட்டுதல். தொடக்கம் நன்றாகவே இருந்தது. பிறகு பந்தோடு வந்தார் தம்பியின் குளூஸ்னர். 21 ஓட்டங்கள் கொடுத்து 5 விக்கெற்! கென்யா 152இல் சுருண்டது. தென்னாபிரிக்கா 3 விக்கெற் மட்டும் இழந்து அதை எட்டியது. ஆட்ட நாயகனும் குளூஸ்னரே. ஒவ்வொரு விக்கெற் விழும்போதும் எங்களுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த ஒரு கதிரை கண்ணில் பட்டது.

நடுவில் ரெலிபோன் பெட்டியொன்றில் இருந்து தம்பியின் அறைக்கு எடுத்தோம். எங்களை ஆறுதல்படுத்தியது அவன்தான். "அண்ணை, உங்களுக்குத் தெரியுமே? அங்கை ரோண்டனிலை கங்குலியும் திராவிட்டும் முரளி, வாஸ் ஒருத்தரையும் விட்டு வைக்கேல்லை!" இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான ஆட்டமும் அன்றுதான் இங்கிலாந்தில் நடந்துகொண்டிருந்தது. இங்கே பிபிசியின் நீளலை இரைச்சலோடு என்றாலும் கேட்கும். காலையில் இருந்து அவன் அதன் அருகிலேயே இருந்திருக்கிறான். கங்குலி 183, திராவிட் 145, இருவரும் சேர்ந்து 318. ஒருநாள் ஆட்டங்களில் அப்போது அது உலக சாதனை. இந்தியா 373. முரளிக்கு ஒரு விக்கெற்றும் இல்லை. இலங்கை அணி தோற்பதில் சந்தோசப்படுவதா, முரளிக்காகக் கவலைப்படுவதா என்று வழக்கமான வாக்குவாதம் எங்களுக்குள் தொடங்கியது. வாசகர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை!

ஊத்ரெக்ற் நண்பர் வீட்டில் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு இரவு ஒன்பதரைக்குப் புறப்பட்டோம். அன்றிரவு பார்சலோனாவில் ஐரோப்பியக் கழகங்களின் இறுதியாட்டம்: பயர்ன் மூனிக்கும் மன்செஸ்டர் யுனைற்றட்டும். ஜேர்மன் றேடியோ பிடிபட்டதும் போட்டோம். ஆறாவது நிமிடத்தில் பாஸ்லர் அடித்த கோலோடு பயர்ன் முன்னால் நின்றது. அறிவிப்பாளர் ஏற்கெனவே கிண்ணத்தைக் கையில் வாங்கிவிட்டவர் போலப் பேசிக்கொண்டிருந்தார்.

எல்லை தாண்டிச் சிறிது தூரம் வந்திருப்போம். பின்னால் வந்த வாகனம் ஒன்று முந்திச் சென்று, தன் பின்னால் வரும்படி வெளிச்ச எழுத்தில் காட்டியது. எல்லைப் பொலிஸ். தரிப்பிடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கம்பமும் காவலறையும் போய்விட்டன, ஆனால் எல்லையை ஒட்டிய வீதிகளில் நடமாடும் சோதனை இருந்தது என்பதை அன்றுதான் நேரில் கண்டோம்.

"பாஸ்போர்ட்." ஐந்து நீலப் புத்தகங்களும் போயின. ஒவ்வொன்றாக ரோர்ச் வெளிச்சத்தில் பார்த்தார்கள். வயர்லெஸ்சில் பெயர்களை எழுத்துக் கூட்டிச் சொன்னார்கள். எங்கள் பெயர்களின் நீளம் தெரிந்ததுதானே! அவர்களுடைய வாகனத்திலும் அதே றேடியோ. தொண்ணூறு நிமிடம் முடிந்து மேலதிக நேரம். திடீரென்று அறிவிப்பாளர் கத்தினார். ஷெரிங்ஹாம், ஒன்றுக்கு ஒன்று. இளைய பொலிஸ்காரர் எங்கள் புத்தகங்களைக் கையில் வைத்தபடியே வாகனத்துக்குள் தலையை விட்டார். இரண்டு நிமிடம் ஆகவில்லை, மறுபடியும் ஒரு கத்தல். சொல்ஸ்கியார். பயர்ன் தோற்றுவிட்டது. பொலிஸ்காரர் நிமிர்ந்து வந்து, எங்களைப் பாராமலே ஐந்து புத்தகங்களையும் மாஸ்ரரின் கையில் கொடுத்து, "போங்கோ" என்று கையைக் காட்டினார்.

வான் நகர்ந்தது. பயர்னைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஐந்து புத்தகங்களுக்குப் பதிலாக ஐந்து புத்தகங்களும் ஒரு செல்லாத கடதாசியும் போயிருந்தால்? அண்ணை சட்டைப் பையில் இருந்த ரிக்கற்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வைத்துக்கொண்டார்.

வுப்பர்டாலுக்கு வந்து சேர நடுச்சாமம் ஆகிவிட்டது. தம்பியின் அறையில் வெளிச்சம் இருந்தது. மைதானத்தில் வாங்கிய ஆட்ட நிகழ்ச்சிப் புத்தகத்தைக் கொடுத்தோம். அவன் எங்களுக்கு ஒரு கொப்பியை நீட்டினான். அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, ரோண்டன் ஆட்டம் முழுவதையும் ஓவர் ஓவராக எழுதியிருந்தான். கடைசிப் பக்கத்தில் றொபின் சிங், 31 ஓட்டங்களுக்கு 5 விக்கெற். ரினிடாட்டில் பிறந்து சென்னைக்கு வந்து தமிழ்நாட்டுக்கு ஆடியவர். அண்ணை அவனுடைய தோளில் கையை வைத்து, "காலமை நான் சொன்னது பிழையடா தம்பி," என்றார். பிறகு பொலிஸ் மறித்த கதையை அவரே சொன்னார்.

சில வருடங்களின் பின் தம்பிக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. 2006 யூலை 4ஆம் திகதி அதே அம்ஸ்டல்வேன் மைதானத்தில் ஒல்லாந்தும் இலங்கையும் ஆடியபோது வானை ஓட்டியவன் அவனே. இலங்கை 443 அடித்து அன்று உலக சாதனை படைத்தது. இரவு திரும்பும் வழியில் றேடியோவில் டோர்ட்முண்ட் அரையிறுதி. கடைசி நிமிடங்களில் இத்தாலி இரண்டு கோல் போட, ஜேர்மனி தோற்றது. "இனி நீங்கள் ஒல்லாந்துக்குப் போகாதையுங்கோ, ஜேர்மன்காரர் பாவம்!" என்று வீட்டில் சொன்னார்கள்.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு மூன்று விடயங்கள். முதலாவது, 2015 ஜனவரிக்குப் பிறகு ஜேர்மனிக்குள் நடமாடும் கட்டுப்பாடு பொதுவாக மூன்று மாதத்தோடு நீங்குகிறது. ஆனால் வரவேற்பு முகாமில் தங்க வேண்டியவர்களுக்கு அது தொடரும். இரண்டாவது, அந்தத் தளர்வு ஜேர்மனிக்கு உள்ளே மட்டும்தான். டுல்டுங் இன்றும் நாட்டை விட்டு வெளியேறியதும் காலாவதியாகும். விண்ணப்பம் விசாரணையில் உள்ளவர்களும் எல்லை தாண்டக்கூடாது. மூன்றாவது, எல்லையில் ஒருவரும் இல்லை என்பதை நம்பி எதையும் தீர்மானிக்காதீர்கள். 2024 செப்ரெம்பரில் ஜேர்மனி தன் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனையைத் தொடங்கியதை அறிவீர்கள். சந்தேகம் இருந்தால் காரித்தாஸ், டியாக்கோனி போன்றவற்றின் ஆலோசனை நிலையங்களில் முதலில் கேளுங்கள்.

அதோடு, ஒரு வானில் எல்லோரிடமும் ஒரே புத்தகம் இருப்பதில்லை. புறப்படுவதற்கு முன் மாஸ்ரர் கேட்டதுபோல ஒருவர் கேட்க வேண்டும். கேட்பவரைக் கோபிக்காதீர்கள்.

அடுத்த மடலில் சந்திப்போம். வணக்கம்.