முதல் நாளின் கடன்

கனடாவில் கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் முதற்குடி மக்களின் ஊர்களுக்குப் பணியாற்றச் செல்வதுண்டு. வட ஒன்ராறியோவில் அத்தகைய ஊர்கள் பலவற்றிற்குச் சாலை இல்லை. கோடையில் விமானமே வழி. சிறுவர்க்கான வாசிப்பு முகாம் நடத்துவது இப்பணிகளுள் ஒன்று. ஒன்ராறியோவின் துணைநிலை ஆளுநராயிருந்த ஜேம்ஸ் பார்ட்டில்மன் 2005-இல் இத்தகைய முகாம்களைத் தொடங்கினார், அவரும் முதற்குடியினரே. அந்நாட்டில் வேரூன்றிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இப்பணிக்குச் செல்லலாம், செல்லவும் வேண்டும். ஆனால் என்ன சொல்லி அவர்களை வழியனுப்புகிறோம்?

“பாவப்பட்ட சனங்கள், நாலெழுத்துக் கற்றுக்கொடு, புண்ணியம் சேரும்” என்கிறோம். அன்பில் பிறந்த சொற்களே இவை. எனினும் இவற்றை நாம் வன்மையாக மறுக்கிறோம். ஏனெனில், இதே சொற்களோடுதான் அவ்வூர்களுக்குள் முன்பொருமுறை கல்வி நுழைந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து 1990-களின் பிற்பகுதி வரை, 1,50,000-க்கும் மேற்பட்ட முதற்குடிப் பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டனர். 1920-இல் சட்டம் திருத்தப்பட்டு, பிள்ளைகளை அனுப்புவது கட்டாயமாக்கப்பட்டது. அங்கே ஒரு குழந்தையின் முதல் நாள் எப்படியிருந்தது? பின்னிய கூந்தல் வெட்டப்பட்டது. தாய் தைத்துக் கொடுத்த உடை பறிக்கப்பட்டது. பெயர் போய் எண் வந்தது. தாய்மொழி பேசினால் அடி விழுந்தது. வீடு திரும்பாமலே மடிந்தோராகப் பெயர் பதிவானவர்கள் மட்டும் 4,000-க்கும் மேல். இன்று மாணவன் புத்தகப் பையோடு விமானத்திலிருந்து இறங்குகையில், அவனை எதிர்கொள்ளும் பாட்டிமாருள் அந்த முதல் நாளை மறக்க முடியாதவர்கள் இருக்கின்றனர்.

“அது வெள்ளையர் செய்த பாவம், அகதிகளாய்ப் போன நமக்கு அதில் என்ன பங்கு?” என்பர் சிலர். அப்பள்ளிகளை நடத்தியதில் பெரும்பங்கு கத்தோலிக்க நிறுவனங்களுடையது. அவற்றுள் முதன்மையானது அமலமரித் தியாகிகள் சபை. 1847-இல் இலங்கையில் கால்வைத்து, நம் பாட்டன்மாருக்கு ஞானமும் கல்வியும் ஊட்டிய அதே சபை! அங்கே நம் மொழியில் மறையுரை ஆற்றியவர்களின் உடன்பிறப்புகள், இங்கே அம்மக்களின் மொழிக்குத் தடை விதித்தனர். ஒரு பக்கத்துப் பெருமையை நம் குடும்பச் சொத்தாகக் கொண்டாடிவிட்டு, மறுபக்கத்துக் கடனை அயலாரின் கணக்கில் எழுதுவது எந்த நீதி?

“நல்ல குருக்களும் கன்னியரும் அங்கே இருந்தனரே” என்பர் வேறு சிலர். இருந்தனர், மறுப்பார் யார்? ஆனால் நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு அவர்களே சாட்சி. கனடாவின் அமலமரித் தியாகிகள் 1991-இல் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினர். 2022 ஜூலை 25 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் மஸ்குவாசிஸ் மண்ணில் நின்று மன்னிப்பு வேண்டினார். திருத்தந்தையே கைகூப்பி நின்ற வாசலில், நம் பிள்ளை வள்ளலாக நுழையலாமா?

ஆகவே நாம் சொல்கிறோம்: முதல் நாளில் மாணவன் எதையும் கற்பிக்க வேண்டாம். ஊர்ப் பெரியோரைத் தேடிச் செல்லட்டும், அழைத்தால் அமரட்டும், பேசினால் கேட்கட்டும், அவர்கள் மௌனம் காத்தால் அதையும் மதிக்கட்டும். பிள்ளைகளின் பெயர்களை அவர்கள் உச்சரிக்கும்படியே சொல்லப் பழகட்டும். வணக்கமும் நன்றியும் அவர்கள் மொழியில் எப்படி என்று அச்சிறுவர்களிடமே கேட்டு மாணவனாகட்டும். ஏழ்மையைப் படமெடுக்க விரையும் கை சற்றே பொறுக்கட்டும். ‘அங்கே குடிநீர் ஏன் இல்லை?’ என்ற கேள்வியை அரசிடம் கேட்கட்டும். நெஸ்கன்டாகா என்னும் ஊரில் நீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி 1995-இல் இடப்பட்ட அறிவிப்பு, கால் நூற்றாண்டு கடந்தும் நீங்கவில்லை. செல்வம் கொழிக்கும் நாட்டின் கதை இது!

எரியும் முட்புதரின் முன் மோசேக்கு முதலில் பணிக்கப்பட்டது மிதியடியைக் கழற்றுவதே; வேலை அதன் பின்னரே தரப்பட்டது. பிள்ளைகளை ஆசி கூறி அனுப்பும் பெற்றோரும் பங்கு மக்களும் இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். கொடுக்கப் போகிறாய் என்று சொல்லி அனுப்பாதீர்கள். நமக்கும் பங்குள்ள கடனொன்று அங்கே காத்திருக்கிறது என்று சொல்லி அனுப்புங்கள்.