பாதம் திரும்ப வளைந்தால் யாரில் பிழை?

நீண்ட வைத்தியம் எண்டால் எங்கட வீடுகளில் ஒரு கணக்கு இருக்கும். இத்தனை கட்டு, இத்தனை கிளினிக், அதோட முடிஞ்சுது. கை முறிஞ்ச பிள்ளைக்கு அந்தக் கணக்கு சரிதான். பாதம் உள்ளுக்கு வளைஞ்சு பிறக்கிற பிள்ளைக்கு அது அடிக்கடி பிழைக்கும். பிழைக்கிற அன்றே வீட்டில் ஆள் தேடத் தொடங்குவார்கள். யாரில் பிழை? பெரும்பாலும் தாயில்தான் வந்து நிற்கும்.

நான் சொல்ல வருவது இதுதான். இப்படியான வைத்தியத்தில் இடையில் வரும் பின்னடைவு வைத்தியத்தின் ஒரு பகுதி. அதை முதல் நாளே தாய் தகப்பனுக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விடுவதால்தான் கால் வளைவதோடு சேர்த்து வீடும் உடைகிறது.

டொக்டர்மார் கிளப்ஃபூட் என்று சொல்லும் இந்த வளைவு ஏறத்தாழ 1000 பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் வருகிறது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளில் கூட. ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டு காலிலும் இருக்கும். தாய் கிரகணத்தில் வெளியில் போனதால் வருவதில்லை, ஒருக்களித்துப் படுத்ததாலும் வருவதில்லை. பெரும்பாலான பிள்ளைகளில் இன்னதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்டவே முடியாது.

இப்போது உலகம் முழுக்கச் செய்யப்படுவது பொன்செற்றி முறை. இக்னாசியோ பொன்செற்றி 1914 இல் ஸ்பெயினின் மெனோர்க்கா தீவில் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்தில் நின்று காயப்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். பிறகு நாட்டை விட்டு வெளியேறி, மெக்சிக்கோ வழியாக அமெரிக்காவின் அயோவாவுக்குப் போய்ச் சேர்ந்தார். பெரிதாக வெட்டிச் சத்திரசிகிச்சை செய்த பாதங்கள் பிள்ளை வளர்ந்த பிறகு விறைத்து நோவதைக் கண்டு, வெட்டைக் குறைத்துக் கையால் மெதுவாகத் திருப்பும் ஒரு முறையை உருவாக்கினார். அவர் அதைப் பற்றி 1963 இல் எழுதியும், 1990களின் கடைசிவரை பரவலாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

முறை இதுதான். கிழமைக்கு ஒருக்கா பாதத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கால்விரலில் இருந்து தொடை வரைக்கும் பிளாஸ்டர் கட்டுவார்கள். ஐந்து, ஆறு, ஏழு கட்டு வரைக்கும் போகலாம். பிறகு அநேகமான பிள்ளைகளுக்கு விறைப்பு ஊசி போட்டு, குதிக்கால் தசைநாரைச் சின்னதாக வெட்டி, மூன்று கிழமைக்குக் கடைசிக் கட்டு. அந்தத் தசைநார் நீண்டு திரும்ப வளர்ந்துவிடும். அதற்குப் பிறகு, நடுவில் பார் வைத்த சப்பாத்து. முதல் மூன்று மாதம் ஒரு நாளில் 23 மணித்தியாலம். பிறகு நித்திரை கொள்ளும் நேரம் மட்டும், நாலு ஐந்து வயது வரைக்கும்.

இப்ப கணக்கைப் பாருங்கோ. கட்டு இரண்டு மூன்று மாதம். சப்பாத்து நாலு வருசத்துக்கு மேல். சனம் வைத்தியம் எண்டு நினைக்கிறது முதல் இரண்டு மூன்று மாதத்தை. உண்மையான வைத்தியம் அந்த நாலு வருசத்து இரவுகளில்தான் இருக்கு. "கால் சரிவந்திட்டுது" என்ற வசனம் இந்த வைத்தியத்தில் ஆகவும் ஆபத்தான வசனம். பார்வைக்கு வடிவாக இருக்கும் பாதத்துக்குச் சப்பாத்து எதற்கு என்று கழற்றி வைக்கிறார்கள். பாதம் திரும்ப வளைய முதற்காரணம் இதுதான். ஆனால் ஒழுங்காகப் போட்ட பிள்ளைகளுக்கும் வளைவு திரும்புவது உண்டு. வளைவை உண்டாக்கிய தன்மை, பிள்ளை வேகமாக வளரும் அந்த வருசங்களில் காலுக்குள் தொடர்ந்து இருக்கிறது.

எனக்கு இது எப்படித் தெரியும் எண்டால், அக்காவின்ர மகனுக்கு வலது கால் இப்படித்தான். பிறந்தது 2022 சித்திரையில். வன்னியில் இருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மூன்றாவது கட்டோடு நாட்டில் பெற்றோல் இல்லை. யூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசு அறிவித்த கிழமை, எங்களுக்கு ஒரு கட்டு தவறியது. அக்கா இரவிரவாக அழுதா. அடுத்த கிழமை போனபோது டொக்டர் பழைய கட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு கிழமை பிந்தினதால ஒண்டும் கெட்டுப்போகேல்லை, விட்ட இடத்தில இருந்து தொடருவம்" என்றார். அந்த ஒரு வசனத்தை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அந்த ஏழு இரவும் மிச்சம்.

அடுத்தது சப்பாத்து. கால் வளர்ந்துவிட்டது, அடுத்த அளவு வரவில்லை. "வந்ததும் சொல்லுறம்" என்றார்கள், மூன்று கிழமை யாரும் சொல்லவில்லை. கடைசியில் வேறொரு பிள்ளை போட்டுக் கழித்த சோடி ஒன்று கிடைத்தது. அதற்குப் பிறகு ஒரு இரவுகூட அக்கா விடவில்லை. காய்ச்சலிலும் போட்டா, கலியாண வீட்டுக்குப் போன இடத்திலும் போட்டா. அப்படியிருந்தும் இரண்டரை வயதில் பெடியன் பாதத்தின் வெளிவிளிம்பை ஊன்றி நடக்கத் தொடங்கினான்.

வீட்டில் வந்த கதைகளைக் கேளுங்கோ. "நீ வடிவா இறுக்கேல்லைப் போல." "பரியாரியாரிட்டக் காட்டி எண்ணெய் போட்டு உருவியிருந்தா எப்பவோ சரிவந்திருக்கும்." "உங்கட பக்கத்தில ஆருக்கும் இப்பிடி இருந்ததோ?" மாமி கெட்ட மனுசி இல்லை. அத்தானும் அப்படித்தான். பின்னடைவு வரலாம் என்று அவர்களுக்கும் யாரும் சொல்லவில்லை. வராது என்று நம்பின ஒன்று வந்தால் மனுசர் காரணம் தேடுவினம், பக்கத்தில் நிற்கிற ஆளைக் காரணமாக்குவினம். அக்கா அந்த மாதம் கிளினிக்குக்குப் போகமாட்டன் எண்டு நிண்டா. "போனா அங்கயும் என்னைத்தான் கேப்பினம்" என்றா. ஒரு பிள்ளையின் நடை அந்த ஒரு வசனத்தில் தொங்கிக்கொண்டு நின்றது.

போன பிறகு நடந்தது என்ன? திரும்பவும் மூன்று கட்டு, திரும்பவும் சப்பாத்து. தேவைப்பட்டால், பாதத்தை உள்ளே இழுக்கும் தசைநாரின் பிடியை இடம் மாற்றும் ஒரு சத்திரசிகிச்சை பிறகு செய்யலாம் என்று விளக்கினார்கள். வளைவு திரும்பினால் திரும்பக் கட்டுவது பொன்செற்றியே வகுத்த வழி. அவருடைய முதல் நோயாளிகளிலும் நிறையப் பேருக்குத் திரும்ப வளைந்தது. அதையும் கணக்கில் எடுத்துத்தான் அந்த முறை நிற்கிறது. எங்கட வீட்டுக் கணக்கில் மட்டும்தான் அதற்கு இடம் இருக்கவில்லை.

முதல் நாளே இதெல்லாம் சொன்னால் தாய் தகப்பன் பயந்து பிள்ளையைக் கொண்டுவராமல் விட்டுவிடுவார்கள் என்று ஒரு வாதம் உண்டு. பச்சைப் பிள்ளையைக் கையில் வைத்திருக்கும் தாயிடம் ஐந்து வருசக் கதை சொல்வது லேசில்லை என்பது உண்மைதான். ஆனால் எங்கட சனத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். போரில் காலை இழந்தவர்கள் எங்கட ஒழுங்கைகளில் இருக்கிறார்கள். செயற்கைக் கால் ஒருமுறை போட்டால் முடியிற காரியம் இல்லை, தேயும், பொருந்தாமல் போகும், திரும்பச் செய்ய வேணும் என்று வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திரும்பச் செய்யப் போகிறவரை யாரும் குறை சொல்வதில்லை. அந்த விளக்கத்தைப் பிள்ளைகளின் காலுக்கும் கொண்டுவர முடியாதா?

ஆகவே கேட்கவேண்டியவை பெரிய விசயங்கள் இல்லை. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டலாம்: இந்த வைத்தியம் நாலு ஐந்து வருசம், இடையில் வளைவு திரும்பலாம், திரும்பினால் செய்ய வழி இருக்கு. குதி நிலத்தில் படாமல் நடந்தால், வெளிவிளிம்பில் நடந்தால் உடனே வரவேண்டும். கட்டு வழுகி விரல்கள் உள்ளே போனால், விரல் நீலமானால், வீங்கினால் அடுத்த திகதிக்குக் காத்திருக்கக் கூடாது. சப்பாத்தின் அடுத்த அளவைக் கால் வளர முதலே எடுத்து வைக்கலாம். கிளினிக் நாளில் தகப்பனும் வரவேண்டும் என்று ஆஸ்பத்திரியே சொன்னால், டொக்டர் சொன்னதை மாமிக்கு மொழிபெயர்க்கும் வேலை தாயின் தலையில் தனியே விழாது.

சொந்தக்காரருக்கும் ஒரு வேலை இருக்கு. "பொசிட்டிவ்வா நினை" எண்டு சொல்லிவிட்டுப் போவது உதவி இல்லை. அடுத்த கிளினிக் எப்ப, கூட யார் போறது, மற்றப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் யார் கூட்டிவாறது? இந்தக் கேள்விகளைக் கேட்டு, பதிலில் ஒன்றைத் தான் எடுத்துச் செய்பவர்தான் உதவி செய்பவர். பார் வைத்த சப்பாத்தோடு நித்திரை வராமல் கத்துகிற பிள்ளையை ஒரு இரவு, ஒரு மணித்தியாலம் தூக்கி வைத்திருங்கள். அந்த ஒரு மணித்தியாலம் தாய் படுக்கட்டும்.

பாதம் வளைந்து பிறந்தது யாருடைய பிழையும் இல்லை. திரும்ப வளைந்தால், அடுத்த திகதி எப்ப எண்டு மட்டும் கேளுங்கோ.