பத்து இலட்சம் டொலர்க் குழந்தை

சொன்ன சொல் தட்டாத பிள்ளைக்கு நம் வீடுகளில் எப்பொழுதும் தனி மதிப்புண்டு. விருந்தினர் வந்தால் அப்பிள்ளையை அழைத்து நடு வீட்டில் நிறுத்தித் தேவாரம் ஒன்று பாடச் சொல்வார்கள். அது மறுக்காமற் பாடி முடிக்கும்போது பெற்றோர் முகத்தில் பெருமை படரும். இந்தக் கீழ்ப்படிவு என்ற ஒன்றையே முதலாக வைத்து, ஊமைப்படக் காலத்து ஹொலிவூட்டிலே பெருஞ்செல்வம் ஈட்டிக் கொடுத்தாள் ஒரு சிறுமி. அவளுடைய கதையை இவ்வாரம் பார்ப்போம். உலகம் அவளை அறிந்த பெயர் பேபி பெக்கி.

பெற்றோர் இட்ட பெயர் பெக்கி-ஜீன் மொன்ற்கொமரி. 1918 ஒக்டோபர் 29ஆம் திகதி கலிபோர்னியா மாநிலத்துச் சான் டியேகோ நகரிற் பிறந்தாள். தந்தை ஜாக், மாட்டுப் பண்ணைகளிற் குதிரையேறித் திரிந்து, பின்னர் சினிமாவிற் புகுந்தவர். அந்நாளிற் புகழ் பெற்றிருந்த டொம் மிக்ஸ் என்ற நடிகருக்குப் பதிலாக ஆபத்தான குதிரைக் காட்சிகளிலே தோன்றுவது அவர் தொழில். குதிரைகளைப் பழக்கிய கை தம் பெண்கள் இருவரையும் கண்டிப்புடனேயே பழக்கிற்று. தந்தை ஒன்றைச் சொன்னால் இரண்டாம் முறை சொல்ல வேண்டிய அவசியம் அவ்வீட்டில் இருந்ததில்லை.

பெக்கிக்கு 19 மாதம் நடந்தபோது, தாய் மரியன் தம் தோழி ஒருத்தியுடன் செஞ்சரி என்ற ஸ்டூடியோவைப் பார்க்கச் சென்றார். குழந்தையும் உடன் போயிற்று. அத்தனை இரைச்சலுக்கும் விளக்கு வெளிச்சத்துக்கும் நடுவே, இருத்திய இடத்தில் அழாமல், இறங்கி ஓடாமல் அமைதியாக இருந்த குழந்தை நெறியாளர் பிரெட் பிஷ்பாக்கின் கண்ணிற் பட்டது. அவரிடம் பிரௌனி என்ற பழக்கிய நாய் ஒன்று இருந்தது. அதனோடு சேர்த்து நடிப்பிக்க ஒரு குழந்தை வேண்டியிருந்தது. 1921இல் நாயும் குழந்தையுமாக நடித்த முதற் குறும்படம் வெளிவந்தது. அதன்பின் 1924 வரையில் அந்த ஸ்டூடியோவுக்காக அவள் நடித்த குறும்படங்கள் ஏறத்தாழ 150 என்பர். வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை. பால் மணம் மாறாத பருவத்தில் ஓர் ஆலைத் தொழிலாளியின் வேலை நேரம்!

ஊமைப்படத்தில் ஒலிப்பதிவு இல்லை. ஆகையாற் கமரா சுழன்று கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்று சத்தமிட்டு நடிகரை ஆட்டுவிக்கலாம். மூன்று வயதுக் குழந்தை வசனம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அழு என்றால் அழவும், சிரி என்றாற் சிரிக்கவும், அஞ்சு என்றால் அஞ்சவும் தெரிந்தாற் போதும். பெக்கிக்கு அது கைவந்திருந்தது. மகளின் வெற்றிக்குக் காரணம் கேள்வி கேளாமற் கட்டளையை நிறைவேற்றும் அவள் பழக்கமே என்பது தந்தையின் உறுதியான கருத்து. இக்கருத்தை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. வலண்டினோ, போலா நெக்ரி முதலிய பெரிய நட்சத்திரங்களைப் போல வேடமிட்டு அவர்களை அவள் கேலி செய்த படங்கள் உண்டு. பிறருடைய நடையையும் பார்வையையும் கவ்விக் கொள்ளும் அந்த ஆற்றல் அதட்டலால் வருவதன்று.

ஆனாற் கேள்வி கேளாமைக்கு அவள் கொடுத்த விலை சிறிதன்று. ஒரு படத்திற் கடல் நீருக்குள் அமிழ்த்திப் பிடித்திருந்தார்கள், குழந்தை மூர்ச்சையாயிற்று. இன்னொன்றில் ரயில் வண்டியின் அடிப்பாகத்தில் அமர்ந்து போகவேண்டியிருந்தது. 1923இல் யூனிவர்சல் நிறுவனம் வெளியிட்ட 'நியூயோர்க்கின் செல்லம்' என்ற முழுநீளப் படத்தில், எரியும் அறையிலிருந்து தனியே தப்பி வரும் காட்சி. வெளியேறும்படி காட்டி வைத்திருந்த வாசலிலேயே தீ பற்றிக்கொண்டது. ஐந்து வயதும் நிரம்பாத சிறுமி வேறு வழியைத் தானே தேடிப் பிழைத்து வந்தாள். பதிலாளாக நின்று உடம்பைப் பணயம் வைப்பது தந்தையின் பிழைப்பு. மகளுக்கோ பதிலாள் இல்லை.

புகழ் வெள்ளமாக வந்தது. 1922ஆம் ஆண்டில் மாத்திரம் 12 இலட்சத்துக்கு மேற்பட்ட இரசிகர் கடிதங்கள் அவளுக்கு வந்தன. அவள் முகச்சாயலிற் பொம்மைகள் விற்றன. நகைகளும் பாலுங்கூட அவள் பெயரால் விற்பனையாயின. பிற்காலத்தில் ஜூடி கார்லண்ட் என்று பெயர் பெற்ற நடிகை சிறுமியாயிருந்தபோது வைத்து விளையாடியவற்றில் ஒரு பேபி பெக்கிப் பொம்மையும் இருந்தது. 1924இல் நியூயோர்க்கில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு இவளே அதிர்ஷ்டச் சின்னம். மேடையிற் பிராங்ளின் ரூஸ்வெல்ட்டின் பக்கத்தில் நின்று கொடியசைத்தாள். அவ்வாண்டில் அவள் வருமானம் 15 இலட்சம் டொலர் என்று பேசப்பட்டது. 'பத்து இலட்சம் டொலர்க் குழந்தை' என்ற பட்டமும் அதனால் வந்ததே. கலங்கரை விளக்கக் காவலர் ஒருவர் எடுத்து வளர்க்கும் அநாதைச் சிறுமியாக அவள் நடித்த 'கப்டன் ஜனுவரி' வெளியானதும் அந்த ஆண்டிலேதான். 1936இல் ஷெர்லி டெம்பிள் நடித்துப் பேசும்படமாக வந்தது இதே கதை.

அந்தப் பணம் எங்கே போயிற்று? விலையுயர்ந்த மோட்டார் வண்டிகள், மாளிகை, உடைகள் எனப் பெற்றோர் தாராளமாகச் செலவிட்டார்கள். தந்தை நம்பிய கூட்டாளிகள் நேர்மையற்றவர்களாக இருந்தார்கள். மகளின் பெயரிற் சேமிப்பு என்று ஒன்றும் வைக்கப்படவில்லை. 1925இல் தயாரிப்பாளர் சோல் லெஸருடன் சம்பள விஷயமாகத் தந்தை பிணங்கினார், ஒப்பந்தம் முறிந்தது. ஹொலிவூட் வாயில் அத்துடன் அடைபட்டது. பேபி பெக்கி படவுலகில் 'ஓய்வு' பெற்றபோது அவளுக்கு வயது ஏழு எனலாம்.

வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே! வோடவில் எனப்படும் கதம்ப மேடைக் காட்சிகளுக்கு அவளை அழைத்துக்கொண்டு குடும்பம் ஊரூராகச் சுற்றிற்று. 1929 வரையில் அந்தப் பிரயாணம் ஓயவில்லை. அவளுக்கும் தமக்கை லூயிஸுக்கும் பள்ளிக்கூடம் என்பது அதுவரை கனவே. நிகழ்ச்சி ஒன்றுக்கு அவள் கையிற் கிடைத்தது ஐந்து சதம். மிச்சமிருந்ததைக் கொண்டு வயோமிங் மலைப் பக்கத்தில் ஒரு பண்ணை நடத்த முயன்றார் தந்தை. 1929ஆம் ஆண்டுப் பங்குச் சந்தை வீழ்ச்சி இருந்ததையும் அடித்துக்கொண்டு போயிற்று. கடைசியில் 1930களின் தொடக்கத்திற் குடும்பம் மீண்டும் ஹொலிவூட்டுக்கே வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் தன் பெயரைக் கொட்டை எழுத்திற் பொறித்த ஊரிலே, கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும் துணை நடிகையாக நாட்கூலிக்குப் போனாள் பெக்கி. அவள் விரும்பிப் போகவில்லை. ஆயினும் போகமாட்டேன் என்று சொல்லும் பழக்கம் அவளுக்குக் கற்பிக்கப்படவில்லை.

இந்த அநீதி அவளுக்கு மட்டும் நேர்ந்ததன்று. சாப்ளினோடு 'பொடியன்' என்ற படத்தில் 1921இல் நடித்த ஜாக்கி கூகன், தான் சிறுவனாக உழைத்த முப்பது நாற்பது இலட்சம் டொலரைக் கேட்டு 1938இல் தாய் மீதும் சிறிய தகப்பன் மீதும் வழக்குத் தொடுத்தான். கிடைத்தது 1,26,000 டொலர். அக்காலத்துச் சட்டப்படி, வயது வராத பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே உரியது. வழக்கின் விளைவாக, குழந்தை நடிகரின் ஊதியத்தில் ஒரு பகுதியைப் பாதுகாக்கும் சட்டம் 1939இற் கலிபோர்னியாவில் வந்தது. அந்தச் சட்டத்தில் ஓட்டைகள் பலவிருந்தன. ஊதியம் முழுவதும் பிள்ளையின் உடைமையே என்று தெளிவாக எழுதப்பட்டது 2000ஆம் ஆண்டில். பெக்கிக்கு அப்பொழுது வயது 81.

இதற்கிடையில் அவர் என்ன ஆனார்? 1938இல் திருமணம், பத்தாண்டுக்குப் பின் மணமுறிவு. பேபி பெக்கி என்ற பெயரைக் கேட்டாலே கூசிய அவர் அதனைக் களைந்தெறிய முனைந்தார். கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். 1954இல் பொப் கேரி என்பவரை மணந்து, டயானா செரா கேரி என்ற புதுப் பெயருடன் வாழலானார். நூலங்காடியில் வேலை பார்த்துக்கொண்டே கட்டுரைகள் எழுதினார். எங்கே போனாலும் அவருடைய எழுத்தைக் கேட்பவர் குறைவு. பேபி பெக்கியைக் கேட்பவரே அதிகம். ஓடி ஒளிந்த குழந்தையை அவர் கடைசியிற் பேனா முனையில் எதிர்கொண்டார். 1975இல், தந்தையைப் போன்ற குதிரைவீர நடிகர்களின் வரலாறு. 1978இல், ஹொலிவூட்டின் குழந்தை நடிகர்களைப் பற்றிய நூல். 1996இல், 'பேபி பெக்கிக்கு என்ன நேர்ந்தது?' என்ற பொருள்படும் தலைப்பிற் சுயசரிதை. தந்தைக்குரிய மதிப்பைக் குறைக்காமலே அவர் செய்த பிழையையும் எழுத முடிந்தது இவருடைய பெருமை என்பது நம் எண்ணம். ஜாக்கி கூகனின் வாழ்க்கை வரலாற்றையும் 2003இல் இவரே எழுதினார். அந்த வேதனையை அறிந்து எழுத அவரினும் தகுந்தவர் யார்?

உழைத்த பணம் போனது போலவே உழைத்த படங்களும் போயின. அந்நாளைய பிலிம் எளிதிற் தீப்பற்றும் இயல்புடையது. செஞ்சரி ஸ்டூடியோ 1926இல் தீக்கிரையானபோது அவர் நடித்த குறும்படங்களிற் பெரும்பாலானவை சாம்பலாயின. தப்பியவை சில, வெளிநாட்டுக் காப்பகங்களிலும் தனியார் பெட்டிகளிலும் ஒவ்வொன்றாகக் கிடைத்து வருகின்றன. 2016இல் ஜப்பானில் ஒரு குறும்படம் கண்டெடுக்கப்பட்டது. அதில் நடித்தவர் அப்பொழுது உயிரோடிருந்தார். மறு ஆண்டு, 2017இல், தமது முதல் நாவலையும் வெளியிட்டார். 2020 பெப்ரவரி 24இல், 101ஆம் வயதில், கலிபோர்னியாவின் கஸ்டீன் என்ற சிற்றூரில் அவர் காலமானார்.