காட்டுக்கு லைன் வேண்டும், அமைதியை நாம் பார்த்துக்கொள்வோம்



தாமான் நெகாராவுக்குள்ளே போன் லைன் தேவையா என்று ஒரு வாரமா நம்ம கோயில் வாட்ஸ்அப் குழுவில் வாக்குவாதம் ஓடுது. "காடு முருகன் வீடு, அங்கே டவர் நட்டுக் கெடுக்காதீங்க" என்று எழுதியவருக்கு எத்தனை கும்பிடு எமோஜி! தொண்டர்கள் நாங்க சிலர் உட்கார்ந்து பேசி எங்க பதிலை இங்கே வைக்கிறோம். லைன் வேணும். காடு முழுக்க இல்ல, மனுஷன் கால் வைக்கிற இடத்தில் வேணும்.

முதலில் அந்த இடத்தின் அளவைப் பாருங்க. பகாங், கிளந்தான், திரங்கானு மூன்று மாநிலத்தில் 4,343 சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட ஆறு சிங்கப்பூர். அதுக்குள்ளே இருக்கிற குனோங் தாஹான் 2,187 மீட்டர். கோலா தாஹானில் இருந்து ஏறித் திரும்ப ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மூன்றாம் நாள் ஒரு பையனுக்குக் கால் உடைஞ்சா? கூட வந்தவன் ஒருத்தன் நாள்கணக்கில் நடந்து வந்து சொன்னாத்தான் போம்பாவுக்கே தெரியும். நம்ம போனில் 999 அடிச்சா, நம்ம கம்பெனி லைன் இல்லாட்டியும் பக்கத்தில் இருக்கிற வேற கம்பெனி லைன் வழியா அழைப்பு போகும். ஆனா எந்த லைனுமே இல்லாத இடத்தில் 999-ம் ஒண்ணுதான், சாமி படமும் ஒண்ணுதான், திரையில் பார்த்துக்கிட்டு உட்கார வேண்டியதுதான்.

2015 ஜூன் 5-ஆம் தேதி கினாபாலு மலையில் நிலநடுக்கம் வந்து 18 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீங்க. அன்னைக்கு மேலே நூறு பேருக்கு மேல் மாட்டிக்கிட்டாங்க. அவர்களில் சிலர் மலையில் இருந்தே போனில் செய்தி அனுப்பினாங்க. கீழே காத்திருந்த தாய் தகப்பனுக்கு அந்த ஒரு வரி என்னன்னு யோசிச்சுப் பாருங்க.

"லைன் வந்தா அமைதி போயிடும்" என்கிறீர்கள். நம்ம கோயிலிலும்தான் லைன் நல்லா வருது. சன்னதி முன்னே போனைத் தூக்கினா தொண்டர்கள் நாங்க கையெடுத்துக் கும்பிட்டு "உள்ளே வைங்க" என்கிறோம். அதுக்காகக் கோயிலைச் சுத்தி லைனைத் துண்டிக்கச் சொன்னோமா? அடக்கம் மனுஷன்கிட்ட இருக்கணும், டவர்கிட்ட இல்ல. நம்ம ஆட்கள் வருஷா வருஷம் மாலை போட்டுப் போற சபரிமலை பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள்ளேதான் இருக்கு. அங்கேயும் போன் வேலை செய்யுது. ஐயப்பன் தவம் கலையவில்லையே!

"லைன் இருந்தா அலட்சியம் வரும்" என்பது அடுத்த வாதம். நம்மில் பாதிப் பேர் ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்கள். மெஷினில் சிவப்பு பட்டன் எதுக்கு இருக்கு? அது இருந்தா ஆப்பரேட்டர் அலட்சியமா இருப்பான்னு எந்த மடையனாவது கழட்டி வைப்பானா? பயிற்சியும் வேணும், பட்டனும் வேணும்.

"வேட்டைக்காரனுக்கும் லைன் கிடைக்குமே?" கிடைக்கும், அதை மறைக்கவில்லை. ஆனா கண்ணி வைக்கிறவன் லைன் இல்லைன்னு வீட்டுக்குத் திரும்பிப் போனதில்லை. நம் நாட்டில் மலாயாப் புலி 150-க்கும் குறைவு என்று கணக்கெடுப்பு சொல்லுது. லைன் இல்லாத காடு அதைக் காப்பாத்திடுச்சா? கண்ணியைப் பார்த்த ரேஞ்சர் அங்கேயே நின்னு ஆள் கூப்பிட முடியணும்.

இன்னொன்று. 2020-இல் அறிவிச்ச ஜெண்டேலா திட்டத்தில் 4ஜி இலக்கை "மக்கள் வசிக்கும் பகுதி" என்றுதான் கணக்குப் போட்டாங்க. காட்டுக்குள்ளே இருக்கிற பாத்தேக் மக்கள் யாரு? தெம்பெலிங் ஆற்றில் படகு ஓட்டிப் பிழைக்கிறவன் யாரு? நமக்கு அது சுற்றுலா, அவங்களுக்கு அது வீடு. பிரசவ வலி வந்த பெண்ணுக்கு ஆள் அனுப்பவும் வழி இல்லாத அமைதி யாருக்காக? வீட்டில் ஃபைபர் வைஃபை போட்டு சோபாவில் சாய்ஞ்சுக்கிட்டு "காடு காடா இருக்கட்டும்" என்று எழுதுறது ரொம்ப சுலபம்.

நாங்க கேட்பது பெரிசு இல்ல. படகுத்துறை, முகாம் இடம், மலைப்பாதை, மக்கள் குடியிருப்பு, இங்கே மட்டும் லைன். பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் முடிஞ்சா போதும், படம் பார்க்க வைஃபை வேண்டாம். டவருக்குன்னு காட்டை வெட்டி ரோடு போடக் கூடாது. சூரிய மின்சாரத்தில் ஓடட்டும். எங்கே வைக்கிறதுன்னு அங்கே வாழும் மக்களைக் கேட்டு முடிவு பண்ணட்டும்.

தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கும் பெர்ஹிலித்தானுக்கும் கடிதம் எழுதிக் கோயில் அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். ஞாயிறு பூசை முடிஞ்சு அன்னதானத்துக்கு உட்காரும் முன் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க. மறுப்பு இருந்தா அதையும் நேரில் வந்து சொல்லுங்க, கும்பிடு எமோஜி வேண்டாம்.

வேலும் மயிலும் துணை.