கல்லுக்கும் வேண்டும் ஸனது



நம் மாணவர் ஒருவர் கருங்கல் ஒன்றைக் கொண்டுவந்தார். வானிலிருந்து விழுந்த கல் என்று சொல்லி, மாமல்லபுரம் கடற்கரையில் அவருடைய தந்தையிடம் எவரோ விற்றிருந்தார். எங்கே விழுந்தது, என்று விழுந்தது, எடுத்தவர் யார் என்று கேட்டோம். விடையில்லை. செங்கல்பட்டுப் பகுதியில் சார்னோகைட் என்னும் கரும்பாறை மிகுதி. நிறமும் கனமும் மட்டுமே ஒன்றை விண்கல்லாக்கிவிடா. கொடுத்த பணத்தை மீட்க, அதே பெயர் சொல்லி வேறொருவருக்கு விற்கலாமா என்பதே தந்தையின் கேள்வி.

விடை சொல்லுமுன் ஒரு வரலாற்றை நினைவூட்டினோம். 1621 ஏப்ரலில் ஜலந்தர் அருகே ஒரு சிற்றூரில் பேரோசையுடன் இரும்பு விழுந்தது. அப்பகுதி அதிகாரி முஹம்மது ஸயீத் நேரில் சென்று நிலத்தைத் தோண்டச் செய்தார். கிடைத்ததைப் பையிலிட்டு முத்திரை வைத்துப் பேரரசர் ஜஹாங்கீருக்கு அனுப்பினார். எடை 160 தோலா. உஸ்தாது தாவூது அதனுடன் வேறு இரும்பும் கலந்து வாள்களும் கத்தியும் குத்துவாளும் செய்தார். இவை அனைத்தையும் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்தார். வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இன்றிருக்கும் அக்கத்தியின் அலகிலும் அதன் தோற்றம் பொறிக்கப்பட்டுள்ளது. உருக்கி உருமாற்றிய பின்னரும் அவ்விரும்பை அடையாளம் காட்டுவது அந்தப் பதிவே.

நமக்கு இது புதிதன்று. வாசகம் எத்துணை அழகாயினும், அறிவிப்பாளர் தொடர் அறுந்திருப்பின் அந்த ஹதீஸைப் பலவீனமானது என்றே நம் இமாம்கள் ஒதுக்கினர். குர்ஆனின் மிக நீண்ட வசனமும் (2:282) கடனை எழுதிவைத்துச் சாட்சி வைக்கவே கட்டளையிடுகிறது.

ஆகவே நம் விடை இதுதான்: அறியாததை அறிந்ததாகச் சொல்லி விற்பது மோசடி. நாம் ஏமாந்தது, பிறரை ஏமாற்ற அனுமதியாகாது. கல்லை வெறும் கல்லாகவே விற்கலாம், இல்லையேல் வைத்துக்கொள்ளலாம்.

மெய்யாகவே ஒரு கல் விழக் கண்டால், அதை உடைக்காதீர்கள். இடம், நாள், நேரம், கண்டவர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதிவைத்து, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்குத் தெரிவியுங்கள். 2008 செப்டம்பர் 12 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விழுந்த கற்கள், விழுந்த இடத்தின் பெயரால் 'சூளகிரி' என்றே உலகப் பதிவில் நிற்கின்றன. ஊரும் நாளும் தெரிந்ததால் வந்த மதிப்பு அது.

கையில் கிடைத்த பொருள் மட்டுமன்று, அதன் வரலாறும் அமானிதமே. அதைப் பேணும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.