மீட்பது எதை?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானின் தகடூர் இது. மலையும் காடும் நமக்கு ஏட்டில் கண்ட செய்திகள் அல்ல. பேருந்துச் சன்னல் வழியே நாள்தோறும் காணும் காட்சிகள். அந்தக் காட்டை மீட்டெடுக்க வேண்டும் என்ற குரல் இன்று எங்கும் ஒலிக்கிறது. வேண்டாம் என்பார் எவருமில்லை. ஆனால் மீட்பது எதை? எந்த நிலைக்கு? இவ்வாறு கேட்டால் மட்டும் ஆளுக்கொரு விடை வருகிறது.

பென்னாகரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் என் தாத்தாவுக்கு ஒரு காலத்தில் நாற்பது மாடுகள் இருந்தன. காவிரிக்கரை ஆலம்பாடியால் பெயர் பெற்ற இனம். சாம்பலும் கருமையும் கலந்த நிறம். கல்லாங்காட்டையும் உழும் உறுதி. வீட்டில் கட்டித் தீனி போட்டு வளர்க்கும் மாடல்ல அது. காட்டுக்குள் பட்டி போட்டு, பகலில் மேயவிட்டு, இரவில் அடைத்துக் காக்கும் மாடு. பட்டி எரு கேழ்வரகுக் கொல்லைக்குப் போகும். வனத்துறைக்கு மேய்ச்சல் கட்டணம் செலுத்திய ரசீதுகள் தாத்தாவின் தகரப் பெட்டியில் இன்றும் உள்ளன. மாடுகள்தாம் இல்லை. சட்டம் மட்டுமே அவற்றை விரட்டியது என்று சொல்லமாட்டேன். டிராக்டர் வந்தது, பட்டி காக்க ஆளில்லாமலும் போயிற்று.

ஆயினும் எஞ்சிய பட்டிகளின் கதி என்ன? 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் அத்தடை தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் அளவில் சுருக்கப்பட்டது. நிம்மதி நீடிக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் காப்புக்காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பு, காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

சரணாலயம் வேண்டாம் என்பதா என் வாதம்? இல்லை. யானைகள் இரு மாநிலக் காடுகளுக்கிடையே நடமாட இப்பரப்பு இன்றியமையாதது. அளவுக்கு மீறி மாடுகள் மேய்ந்தால் மான் பட்டினி கிடக்கும், இளங்கன்றுகள் மிதிபடும், மாட்டின் நோய் காட்டு விலங்குக்குத் தொற்றும். வெளியூர்ச் செல்வர்களின் பெருமந்தைகளும் ஏழையின் பெயரால் காட்டில் புகுவதுண்டு. வனத்துறையின் அச்சத்தில் உண்மை இருக்கிறது.

ஆனால் விந்தையைப் பாருங்கள். இதே மாவட்டத்தில், காரிமங்கலம் வட்டாரத்தில், அழிந்துவரும் ஆலம்பாடி இனத்தைக் காக்க அரசே ஆராய்ச்சி மையம் நிறுவியுள்ளது. ஒரு கை மாட்டை மீட்கிறது. மறு கை அம்மாட்டை உருவாக்கிய மேய்ச்சலை மூடுகிறது. இரண்டுக்கும் பெயர் மீட்புதான்! கொட்டிலில் சில மாடுகளைக் காப்பாற்றிவிடலாம். பட்டி வாழ்க்கையைக் கொட்டிலில் காப்பாற்ற முடியுமா?

பழைய நிலைக்குத் திருப்புவோம் என்கிறார்கள். எந்தப் பழைய நிலை? 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டத்துக்கு முந்தியதா, பிந்தியதா? அச்சட்டத்துக்கு முன்பும் இங்கே மாடு மேய்ந்தது. இன்று காட்டை அடைத்து நிற்கும் உண்ணிச்செடியோ அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. மாடு அந்நியமா, உண்ணிச்செடி அந்நியமா? தைலமரத்தையும் சீமைக்கருவேலத்தையும் ஒரு காலத்தில் நட்டு வளர்த்ததும் நாட்டு நன்மையின் பெயரால்தானே! இன்று பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவதே குறிக்கோள் என்கிறார்கள். விழுக்காடு மரத்தை எண்ணும், புல்லை எண்ணுமா? மேய்ப்பனை எண்ணுமா?

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் உரிமையாக ஏற்கிறது. ஆனால் பழங்குடியினர் அல்லாதார் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். எழுத்தறியா மேய்ப்பனிடம் அதற்கு என்ன சான்று இருக்கும்? தகரப் பெட்டியின் மங்கிய ரசீதுதான்.

எனவே என் கருத்து இது. எவ்வளவு மாடு, எந்தப் பருவம், எந்தச் சரிவு என்பதைக் கிராம சபையும் வனத்துறையும் ஒருங்கே அமர்ந்து வரையறுக்கட்டும். சில சரிவுகள் ஆண்டுதோறும் மாறிமாறி ஓய்வு பெறட்டும். உண்ணிச்செடி அகற்றும் பணியும் கூலியும் முதலில் மேய்ப்பர்க்கே கிட்டட்டும். சரணாலயத்துக்குள் இடமே இல்லையெனில், மாற்று மேய்ச்சல் நிலம் எங்கே என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தட்டும்.

மாணவ நண்பர்களே! நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரக்கன்று நடுகிறோம், நல்லதுதான். அடுத்த முகாமில் ஒரு நோட்டையும் எடுத்துச் செல்வோம். ஊர்ப் பெரியவர்களின் தகரப் பெட்டிகளில் உறங்கும் ரசீதுகளையும் பட்டிகள் இருந்த இடங்களின் பெயர்களையும் எழுதி வைப்போம். எழுதாமல் விட்டால், மேய்ப்பனும் மாடும் அங்கே இருந்ததே இல்லை என்று நாளை யாரேனும் சொல்லக்கூடும். அன்று மீட்கக் காடு இருக்கும். அதை அறிந்தவன் இருக்கமாட்டான்.